வினைமுதல் எங்கே? நடையியலும் செயற்பாட்டு இலக்கணமும் ஒரு நாவலைச் சந்தித்த வரலாறு

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோ என்னும் சிற்றூரில் இலக்கிய நடையைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. மொழியியலாளரும் இலக்கியத் திறனாய்வாளரும் ஒரே அவையில் அமர்வது அந்நாளில் அரிது. அமர்ந்தாலும் ஒருவர் பேச்சை மற்றவர் பொறுமையாகக் கேட்பது அதனினும் அரிது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சைமூர் சாட்மன் அக்கருத்தரங்கின் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். ரெனே வெல்லெக், ரோலான் பார்த், ஸ்வெதான் தோதொரோவ் முதலியோரின் கட்டுரைகளோடு, மைக்கேல் ஹாலிடே என்னும் பிரித்தானிய மொழியியலாளரின் நீண்ட கட்டுரையும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. வில்லியம் கோல்டிங் 1955இல் வெளியிட்ட ‘தி இன்ஹெரிட்டர்ஸ்’ என்னும் நாவலிலிருந்து மூன்று பகுதிகளை எடுத்து, அவற்றின் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிய கட்டுரை அது. ஆங்கிலப் பனுவல்களை மொழியியல் நோக்கில் ஆராயப் புகும் மாணவர் இன்றும் தவறாமல் சந்திக்க நேரும் கட்டுரை. அதைக் கடுமையாகத் தாக்கி 1973இல் ஸ்டான்லி ஃபிஷ் எழுதிய கட்டுரையையும் அவர் தவறாமல் சந்திக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகின்றனர். இலக்கணத்தை எண்ணிக் காட்டி ஓர் இலக்கிய வாசிப்பை நிறுவ முடியுமா என்னும் வழக்கு இவ்விரண்டு கட்டுரைகளுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. அது இன்னும் முடியவில்லை.

நாவலின் கதை எளிது. நியாண்டர்தால் மனிதக் குழு ஒன்று. அதன் நிலப்பரப்புக்குள் வந்து சேரும் நவீன மனிதக் குழு மற்றொன்று. நாவலின் பெரும்பகுதி லோக் என்னும் நியாண்டர்தால் மனிதனின் பார்வையில் நகர்கிறது. வந்தவர்களுள் ஒருவன் ஆற்றின் மறுகரையிலிருந்து லோக்கின் மீது அம்பெய்கிறான். லோக்கின் மொழியில் வில் இல்லை, அம்பு இல்லை, எய்தல் என்னும் வினையும் இல்லை. அவன் காண்பது தானாகவே நீளம் மாறும் ஒரு குச்சியையும், அருகிலுள்ள மரத்தில் திடீரெனத் தோன்றும் ஒரு சுள்ளியையும் மட்டுமே. தன்னைக் கொல்ல ஒருவன் முயன்றான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. முதன்முறை படிக்கும் வாசகருக்கும் சில கணங்கள் தெரிவதில்லை. ஏனெனில் நாவலாசிரியர் லோக்கின் இலக்கணத்துக்கு வெளியே ஒரு சொல்லையும் கடனாகத் தரவில்லை.

இந்தத் திகைப்பு எங்கிருந்து வருகிறது? சொற்களிலிருந்தன்று. அப்பகுதியின் சொற்கள் சிறுவர் பாடநூலில் வரத்தக்கவை; வாக்கியங்களும் குறுகியவை. ஹாலிடே அங்கேதான் நுழைந்தார். ஒரு வினையை மையமாகக் கொண்ட தொடரை ‘வினைக்கூறு’ என இங்குக் குறிப்போம். முதற்பகுதியில் 56 வினைக்கூறுகள். அவற்றுள் செயலைக் குறிப்பவை 21. இருப்பிடத்தையோ உடைமையையோ குறிப்பவை 14. காணல், கேட்டல், எண்ணல் போன்ற மனவினைகள் 16. எஞ்சிய 5 பண்பைக் கூறுபவை. செயல்வினைகள் பெரும்பாலும் திரும்புதல், எழுதல் போன்ற எளிய அசைவுகளே. அவற்றுள்ளும் மிகப்பல செயப்படுபொருள் குன்றியவை. ஏறத்தாழப் பாதி வினைக்கூறுகளில் எழுவாயாக நிற்பவர் மனிதரே அல்லர். உடலுறுப்புகளும் உயிரற்ற பொருள்களும் நிற்கின்றன. குச்சி அசைகிறது, கை நீள்கிறது, மூக்கு மணத்தை அறிகிறது. அசைவு உண்டு, ஆனால் ஒருவர் மற்றொன்றின் மீது செயலாற்றி அதை மாற்றினார் என்னும் வடிவம் ஏறக்குறைய இல்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் பார்வை மாறுகிறது. இப்போது கதை வந்தேறிய மனிதர்களுடையது. அங்கே எடுத்த பகுதியில் 67 வினைக்கூறுகள். 48இல் மனிதரே எழுவாய். அந்த 48இல் 25 செயல்வினைகள். அந்த 25இல் 19 செயப்படுபொருள் குன்றாதவை. அதாவது மனிதர் பொருள்களைப் பற்றுகின்றனர், தள்ளுகின்றனர், மாற்றுகின்றனர். இரண்டு பகுதிகளுக்கும் இடையில், லோக் முதன்முறையாக வெளியிலிருந்து, பெயரற்ற ஒரு செந்நிற விலங்காகக் காட்டப்படும் இடைப்பகுதி ஒன்று உண்டு. அங்கே இலக்கணமும் பாலம்போல் நிற்கிறது. காரணகாரிய உறவை அறியாத மனமும் அறிந்த மனமும் இருவேறு வினையமைப்புகளாகவே நாவலில் வடிக்கப்பட்டுள்ளன என்பது ஹாலிடேயின் முடிபு. கோல்டிங் ‘லோக்குக்குப் புரியவில்லை’ என எழுதவில்லை; புரியாமையையே வாக்கிய அமைப்பாக்கிவிட்டார்.

இத்தகைய கருவி ஒருவர் கையில் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அதன் வரலாற்றில் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் ஓரிடம் உண்டு என்பது நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாத செய்தி.

நடையியல் என்னும் பெயரைத் தனித்துறையாக்கியவர்களுள் முதல்வர் சார்ல் பாயி. சோசூரின் மாணவரான அவர் 1909இல் பிரெஞ்சு மொழியின் நடையியல் பற்றிப் பெருநூல் எழுதினார். ஆனால் அவர் ஆராய்ந்தது அன்றாட மொழியின் உணர்ச்சிக் கூறுகளை, இலக்கியத்தை அன்று. லியோ ஸ்பிட்சர் இலக்கியத்துக்கு வந்தார். அவருடைய முறை நுண்ணுணர்வை நம்பியது, பிறர் பின்பற்றக் கடினமானது. 1926இல் தோன்றிய பிராகு வட்டத்தார் வேறொன்றைக் கொண்டுவந்தனர். பழக்கத்தால் மங்கிய மொழிப்பின்னணியிலிருந்து ஒரு கூறு விலகி முன்னே எழும்போதுதான் அது நடையாகிறது என்றார் முகர்ஷோவ்ஸ்கி. ‘முன்னிறுத்தல்’ எனத் தமிழில் சொல்லத்தக்க இக்கருத்து இன்றுவரை நடையியலின் அடித்தளம். 1958இல் இந்தியானா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் யாக்கப்சன் ஆற்றிய நிறைவுரை இக்கருத்துகளை ஆங்கிலம் பேசும் உலகுக்குக் கொண்டுசேர்த்தது.

இது ஒரு கிளை. மற்றொரு கிளை மானிடவியலிலிருந்து வருகிறது. திரோபிரியாந்துத் தீவுகளில் களப்பணி செய்த மலினோவ்ஸ்கி, அம்மக்களின் கூற்றுகளைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பொருள் கிட்டுவதில்லை என்பதைக் கண்டார். பேச்சு நிகழும் சூழலும் பொருளின் பகுதியே என 1923இல் அவர் எழுதிய கட்டுரையை மொழிக்கோட்பாடாக வளர்த்தவர் ஜே. ஆர். ஃபர்த். இவர் 1919 முதல் 1928 வரை இலாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் ஒலிப்புமுறையைப் பற்றிய சுருக்கக் குறிப்பை எழுதியவரும் இவரே. பின்னர் 1944இல் இலண்டனில் பொது மொழியியலுக்கு அமைந்த பேராசிரியர் பதவி பிரித்தானியாவிலேயே முதலாவது. அதில் அமர்ந்தவர் ஃபர்த். ஒரு சொல்லின் பொருள் அதனோடு வழக்கமாகக் கூடி வரும் சொற்களாலும் அமைகிறது என்னும் இவரது கருத்து இன்று கணினி மொழியியல் வரை சென்றிருக்கிறது. 1951இல் அக்கருத்தை விளக்கிய கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டுகளைத் தேடிச் சென்ற இடங்களுள் ஸ்வின்பர்னின் கவிதையும் எட்வர்ட் லியரின் வேடிக்கைப் பாக்களும் அடங்கும். இலக்கியத்தை மொழியியலின் விளிம்பில் அவர் வைக்கவில்லை.

ஹாலிடே ஃபர்த்தின் மாணவர். 1925இல் லீட்ஸ் நகரில் பிறந்து, போர்க்காலத்தில் படைப்பணிக்காகச் சீனமொழி கற்று, பின்னர்ச் சீனாவிலேயே வாங் லீ போன்ற அறிஞரிடம் பயின்றவர். அவரது முனைவர் பட்ட ஆய்வு ஆங்கிலத்தைப் பற்றியதன்று. மங்கோலியரின் மறைவரலாறு எனப்படும் நூலின் சீன வடிவத்தின் மொழியைப் பற்றியது. ஒரு பனுவலின் மொழியை முழுதாக விவரிக்கும் பழக்கம் அங்கிருந்தே அவருக்கு வந்தது எனலாம். 1961இல் இலக்கணக் கோட்பாட்டின் வகைமைகளைப் பற்றிய கட்டுரை, 1967–68இல் ஆங்கில வினையமைப்பையும் எழுவாய் முதலிய தொடக்கக் கூறுகளையும் பற்றிய மூன்று பகுதிக் கட்டுரை, இறுதியாக 1985இல் செயற்பாட்டு இலக்கண அறிமுக நூல் என அவரது கோட்பாடு படிப்படியாக வளர்ந்தது. சாம்ஸ்கி 1957இல் தொடங்கிய மரபு, மனத்துள் இலக்கணம் எவ்வாறு அமைந்துள்ளது எனக் கேட்டது. ஹாலிடே கேட்டது வேறு: மனிதர் மொழியைக் கொண்டு என்ன செய்கின்றனர்? அதற்கேற்ப இலக்கணம் எவ்வாறு வடிவம் பெற்றது?

அவர் விடையை மூன்று பணிகளாகக் கூறலாம். உலகில் நிகழ்வதையும் அகத்தில் நிகழ்வதையும் சித்திரிப்பது கருத்துப்பணி. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவை நிறுவுவது உறவுப்பணி. இவ்விரண்டையும் தொடர்ச்சியுள்ள பனுவலாக நெய்வது பனுவற்பணி. ஒவ்வொரு வினைக்கூறும் ஒரே வேளையில் இம்மூன்றையும் செய்கிறது. பேசுபவர் ஒவ்வோர் இடத்திலும் சில வாய்ப்புகளுள் ஒன்றைத் தெரிவு செய்கிறார். தெரிவு செய்யாமல் விட்டவையும் பொருள் தருகின்றன. நடையியலுக்கு உயிரான கருத்து இந்தக் கடைசிக் கருத்துதான்.

கருத்துப்பணியின் இலக்கணத்தில் முதன்மையானது வினைநிகழ்வு யாது, அதில் பங்கேற்பவர் எவர், சூழல் யாது என்னும் அமைப்பு. ஆங்கிலத்தில் ‘தி ஸ்டோன் ரோல்டு’ என்றும் சொல்லலாம், ‘ஹி ரோல்டு தி ஸ்டோன்’ என்றும் சொல்லலாம், வினைச்சொல் மாறுவதில்லை. தமிழில் ‘கல் உருண்டது’, ‘கல்லை உருட்டினான்’ என வினையே வடிவம் மாறி நம்மை எச்சரித்துவிடுகிறது. ஆங்கில வாசகருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. எனவே கோல்டிங்கின் உத்தி ஆங்கிலத்தில் கூடுதல் மறைவோடு இயங்குகிறது. தமிழிலக்கணம் பயின்றவருக்கு இந்தப் பகுப்பு முற்றிலும் அந்நியமானதும் அன்று. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் எனத் தொழில் முதனிலைகள் எட்டைத் தொல்காப்பியம் தொகுத்துக் கூறுகிறது. ஹாலிடே அதிலிருந்து எடுத்தார் என்று சொல்ல எவ்விதச் சான்றும் இல்லை. அப்படிச் சொல்லி மகிழ வேண்டிய தேவையும் இல்லை. இருவேறு மரபுகள் ஒரே கேள்வியைக் கேட்டுள்ளன, அவ்வளவே.

இலக்கியத் துறையினர் இக்கருவியை மலர்மாலையோடு வரவேற்கவில்லை. பெல்லாஜியோவுக்கு இரண்டாண்டுகள் முன்னர்தான் ஆங்கில இதழொன்றில் ஒரு பெரும் பூசல் நடந்திருந்தது. ரோஜர் ஃபவுலர் தொகுத்த நடையியல் கட்டுரை நூலை ஹெலன் வெண்ட்லர் கடுமையாக மதிப்பிட, ஃபவுலர் மறுமொழி கூற, ‘எஸ்ஸேஸ் இன் கிரிட்டிசிசம்’ இதழின் நிறுவன ஆசிரியர் எஃப். டபிள்யூ. பேட்சன் களமிறங்கினார். தமக்கொரு சகோதரி இருந்தால் மொழியியலாளர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கத் தாம் விரும்பமாட்டார் என்னும் பொருள்பட அவர் எழுதியது துறையில் இன்றும் சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது. சிரிப்புக்கு அடியில் ஒரு வாதமும் இருந்தது: மொழியியலாளர் விவரிக்கிறார், திறனாய்வாளர் மதிப்பிடுகிறார், விவரிப்பை எவ்வளவு குவித்தாலும் அது மதிப்பீடாகாது. பேட்சனின் தொனி துறைக்காழ்ப்பு நிறைந்தது. வாதம் அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஸ்டான்லி ஃபிஷ் அந்த வாதத்தைக் கூர்மையாக்கினார். நடையியல் என்பது என்ன, அதைப் பற்றி ஏன் இவ்வளவு பயங்கரமாகப் பேசுகிறார்கள் என்னும் பொருள்படும் கேலித் தலைப்போடு 1973இல் வெளிவந்த கட்டுரையில் அவர் நடையியலாளர் பலரை வரிசையாக நிறுத்தினார். அவர்களுள் ஒருவர் லூயி மிலிக். ஜோனதன் ஸ்விஃப்டின் உரைநடையைக் கணக்கிட்ட மிலிக், ஸ்விஃப்ட் பெயர்களையும் வினைகளையும் அடுக்கடுக்காக வரிசைப்படுத்துவதைக் கொண்டு அவரது மனம் கருத்துவளம் மிக்கது என முடிவுகட்டியிருந்தார். அடுக்கு இருக்கிறது என்பது உண்மை. அதிலிருந்து மனவளத்துக்குத் தாவுவதற்குப் பாலம் எங்கே என்றார் ஃபிஷ். அதே அடுக்கைக் கொண்டு பதற்றத்தையும் நிறுவலாம், கஞ்சத்தனத்தையும் நிறுவலாம். மிலிக்கைப் பொறுத்தவரை இது விடையளிக்க முடியாத தாக்குதல்.

ஹாலிடேயைப் பொறுத்தவரை அவர் கூடுதல் மரியாதையோடுதான் தொடங்குகிறார். குற்றச்சாட்டு என்னவோ அதேதான். செயப்படுபொருள் குன்றிய வினைகள் தம்மளவில் எதையும் பொருள்படுத்துவதில்லை. நியாண்டர்தால் மனிதன் அறிவில் ஒரு படி கீழே, வந்தவன் ஒரு படி மேலே என்னும் பரிணாமக் கதையை ஹாலிடே முன்கூட்டியே நாவலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு இலக்கணத்தை எண்ணி, எண்ணிக்கை அக்கதையைச் சொல்வதாகக் காட்டினார். இலக்கணம் சான்று கூறவில்லை. ஏற்கெனவே தரப்பட்ட தீர்ப்புக்குக் கையொப்பமிட்டது. பொருள் பனுவலின் வடிவத்தில் உறைந்திருப்பதில்லை, வாசிப்பவரின் செயலில் கணந்தோறும் உருவாகிறது என்பது ஃபிஷ்ஷின் அடிப்படை நிலைப்பாடு.

இத்தாக்குதலில் எவ்வளவு நிலைக்கும்? நிதானமாகப் பார்த்தால், ஒரு பாதி நிலைக்கும். ஹாலிடேயின் கட்டுரையில் உள்ள ‘வரம்புக்குட்பட்ட மனம்’ என்னும் வாசிப்பு எண்ணிக்கையிலிருந்து தானாக வருவதில்லை. அதே 56 வினைக்கூறுகளைப் படிக்கும் வேறொருவர், தன்னையும் மரத்தையும் நீரையும் வேறு வேறாகப் பிரித்து ஆளத் துணியாத மனத்தை அங்கே காணலாம். கோல்டிங்கின் பரிவு லோக்கின் பக்கமே சாய்கிறது என்பதை நாவலைப் படித்து முடித்தவர் மறுக்கமாட்டார். கடைசிப் பகுதியின் செயப்படுபொருள் குன்றா வினைகளில் கருவிகளைக் கையாளும் ஆற்றல் தெரிகிறது. அந்த ஆற்றலின் மறுபக்கம் கொலை. லோக்கை நோக்கி வந்த அம்பு அதே இலக்கணத்திலிருந்து வந்ததுதான். எய்பவனின் மொழியில் அந்நிகழ்வு ஒரே வாக்கியம்: வினைமுதல் அவன், செயப்படுபொருள் லோக். ‘வளர்ந்த’ இலக்கணம், ‘வளராத’ இலக்கணம் என்னும் அளவுகோல் இங்கே ஆட்டங்காண்கிறது. இதைக் காட்டியதற்காக ஃபிஷ்ஷுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மறுபாதி நிலைக்காது. மேற்சொன்ன இரண்டு வாசிப்புகளும், குறைபாடு எனப் படிப்பதும் இசைவு எனப் படிப்பதும், ஒரே இலக்கண உண்மையின்மீது நிற்கின்றன: லோக்கின் உலகில் வினைமுதல் வெளியே பாய்ந்து பொருளை மாற்றுவதில்லை. லோக் தன் சூழலை ஆள்பவன் என்று மூன்றாமவர் ஒருவர் வாசித்தால், அந்த 56 வினைக்கூறுகளும் அவருக்கு எதிராக நிற்கும். எண்ணிக்கை ஒரு வாசிப்பைத் தேர்ந்து கொடுப்பதில்லை. சில வாசிப்புகளைத் தாங்கமாட்டாது, அவ்வளவே. மேலும் ஹாலிடே ஒரு பகுதியை மட்டும் எண்ணி நிற்கவில்லை. ஒரே நாவலுக்குள், ஒரே ஆசிரியரின் கையில், பார்வை மாறும் அதே இடத்தில் வினையமைப்பும் மாறுகிறது. மிலிக்கிடம் இல்லாதது இந்த உள்ஒப்பீடுதான். மிகுதியாக வருவது எல்லாம் முன்னிறுத்தப்பட்டது ஆகாது, முழுப்படைப்பின் பொருளோடு உறவு கொள்ளும்போதே அவ்வாறு ஆகும் என்னும் எச்சரிக்கையும் ஹாலிடேயின் கட்டுரையிலேயே உண்டு. ஃபிஷ் அதைக் கண்டார். கண்டும் அதற்குரிய எடையைத் தரவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு பெயரை நினைவுகூர வேண்டும். சாட்மனின் அதே தொகுப்பில் ருகையா ஹசனின் கட்டுரையும் உண்டு. 1931இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கரில் பிறந்து, அலகாபாத்தில் பயின்று, பிரிவினைக்குப் பின் இலாகூரில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து, எடின்பரோவுக்குச் சென்றவர் அவர். 1964இல் அங்கே அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இரண்டு ஆங்கில உரைநடையாசிரியர்களின் நடை வேறுபாட்டைப் பற்றியது: ஒருவர் ஆங்கஸ் வில்சன், மற்றவர் கோல்டிங். ஹாலிடேயின் கட்டுரைக்கு ஐந்தாண்டுகள் முன்பே கோல்டிங்கின் வாக்கியங்களை மொழியியல் நோக்கில் பிரித்துப் பார்த்த கை அது. அவர் ஹாலிடேயை மணந்தவர் என்பதை முதலில் கூறி, பிறகு ஆய்வாளர் எனக் கூறும் அறிமுகங்கள் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. (எழுவாயாக எவரை வைப்பது என்பது இத்துறையினருக்காவது சிந்திக்க வேண்டிய கேள்வி.)

ஃபிஷ் கேட்ட பாலத்தைக் கட்ட முயன்றவர் ஹசன். இலக்கியப் பனுவலில் பொருள் இரண்டு அடுக்குகளில் உருவாகிறது என்பது அவர் கோட்பாடு. முதல் அடுக்கு எல்லாப் பனுவலுக்கும் பொதுவானது. சொல்லும் இலக்கணமும் தரும் பொருள். அந்தப் பொருள்களே மறுபடியும் குறியீடுகளாக அமைந்து, ஒன்றோடொன்று ஒத்திசைந்து, படைப்பின் கருப்பொருளை நோக்கி நகர்வது இரண்டாம் அடுக்கு. செயப்படுபொருள் குன்றிய வினை ஒன்று தனியாக எதையும் குறிப்பதில்லை; மனிதரல்லா எழுவாய்கள், உறுப்புகள் செயல்படும் வாக்கியங்கள், இருப்பிடத் தொடர்கள் ஆகியவை எல்லாம் ஒரே திசையில் சாயும்போதே அது குறிப்பாகிறது. திசை மாறும் இடமும் கதை மாறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1985இல் வெளியான தம் சிறு நூலில் இதை அவர் மாணவருக்கு விளங்கும் வகையில் விரித்துரைத்தார். ஹாலிடேயோடு இணைந்து 1976இல் அவர் எழுதிய ஆங்கிலப் பனுவற்பிணைப்பு நூலை மேற்கோள் காட்டுவோருள் சிலரே இந்நூலைத் திறந்திருப்பர்.

இக்கருவி நாவலோடு நின்றுவிடவில்லை. 1979இல் ஃபவுலரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ‘லாங்குவேஜ் அண்டு கண்ட்ரோல்’ நூலில் டோனி ட்ரூ நாளிதழ்களை எடுத்துக்கொண்டார். 1975 ஜூன் மாதத் தொடக்கத்தில், அன்றைய ரொடீசியாவின் சால்ஸ்பரியில் காவல்துறை கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் இலண்டனின் இரு நாளிதழ்கள் அதைத் தலைப்பிட்டன. ஒன்றில் காவல்துறை எழுவாய், சுடுதல் செய்வினை. மற்றதில் இறந்தவர்கள் கலவரம் செய்வோர் என்னும் அடையோடு முன்னே வந்தனர், வினை செயப்பாட்டுவினையாயிற்று, காவல்துறை வாக்கியத்தின் வால்பகுதிக்குச் சென்றது. அடுத்த நாளைய செய்தியில் சுட்டவர் இன்னும் பின்வாங்க, கலவரம் மட்டும் எஞ்சியது. எந்தச் செய்தியும் பொய்யன்று; வினைமுதல் மட்டும் மெல்ல மறைந்தது. ‘காவலர் சுட்டனர்’, ‘மக்கள் சுடப்பட்டனர்’, ‘துப்பாக்கிச் சூட்டில் ஐவர் பலி’ என்னும் மூன்று தொடர்களை வரிசையில் வைத்துப் பார்ப்பவருக்கு இது புதிதன்று. மூன்றாவதில் வினையே பெயராகிவிட்டது. யார் என்று கேட்க இலக்கணத்தில் இடமே இல்லை.

இலக்கியத்தின் பக்கம் 1982இல் ரொனால்டு கார்ட்டர் தொகுத்த நூலில் இரண்டு கட்டுரைகள் குறிப்பிடத்தக்கவை. கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலில் திருமதி வெர்லாக் தன் கணவனைக் கொல்லும் காட்சியைக் கிறிஸ் கென்னடி ஆராய்ந்தார். கொலை செய்பவள் கொலைவினையின் வினைமுதலாக அரிதாகவே வருகிறாள், கையும் கத்தியுமே செயல்படுகின்றன, கொல்லப்படுபவனோ பார்ப்பவனாக மட்டும் இருக்கிறான். டெய்ட்ர் பர்ட்டன், சில்வியா பிளாத்தின் ‘தி பெல் ஜார்’ நாவலில் மின்னதிர்ச்சி சிகிச்சைக் காட்சியை எடுத்து, அப்பெண் செயலுக்கு உட்படுபவளாகவே வாக்கியங்களில் அமைவதைக் காட்டினார். தம் ஆய்வுக்குப் பெண்ணிய நோக்கம் உண்டு என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். முன்முடிவோடு வருகிறாய் என்னும் ஃபிஷ்ஷின் குற்றச்சாட்டுக்கு இதுவும் ஒருவகை விடை: ஆம், வருகிறேன், இதோ என் முன்முடிவு, இதோ வாக்கியங்கள், சரிபார்த்துக்கொள். 1990களில் சொல்லாடல் ஆய்வாளர்களை நோக்கி விட்டோசன் எழுப்பிய எதிர்ப்பும், ஃபேர்க்ளஃப் அளித்த மறுமொழியும் இதே வழக்கின் இன்னொரு சுற்று.

இந்தியாவுக்கு இவ்வரலாறு வந்து சேர்ந்த வழிகள் பல. 1958இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டு, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள மத்திய ஆங்கில நிறுவனம் அவற்றுள் ஒன்று. சிறீநகரில் பிறந்த பிரஜ் கச்ரு எடின்பரோவில் பயின்று, ஃபர்த்தின் சூழல் கோட்பாட்டைக் கொண்டு இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்தது மற்றொன்று. இந்திய ஆங்கிலத்தைப் பிழைகளின் தொகுப்பாகக் காணாமல், தனக்கான சூழலில் பொருள் தரும் மொழிவகையாகக் காணும் துணிவு அங்கிருந்து பிறந்தது. இலாகூரில் ஆங்கிலம் கற்பித்த ஒருவரின் கருத்து, இலண்டனையும் எடின்பரோவையும் சுற்றி, காசுமீரத்து மாணவர் ஒருவரின் கையில் திரும்பி வந்தது.

வந்த கருவி நம்மிடம் பல இடங்களில் வாய்பாடாகச் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாவல் ஒன்று, அதிலிருந்து ஒரு பகுதி, வினைவகைகளின் அட்டவணை, விழுக்காடு, ‘எனவே கதைத்தலைவி ஒடுக்கப்பட்டவள்’ என்னும் முடிவுரை. அவள் ஒடுக்கப்பட்டவள் என்பது அட்டவணைக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஃபிஷ் கேலிசெய்த தாவல் அப்படியே உள்ளது; ஹாலிடே அத்தாவலைத் தவிர்க்கச் செய்த ஒப்பீடு மட்டும் விடுபட்டுப்போகிறது. செயல்வினைகள் 40 விழுக்காடு என்றால், எதனோடு ஒப்பிட்டு 40? அதே நாவலின் மற்றொரு அதிகாரத்தோடா, அதே பாத்திரம் வேறொருவர் பார்வையில் வரும் இடத்தோடா, அக்காலத்து ஆங்கில உரைநடையின் பொதுவழக்கோடா? பகுதியை ஏன் அங்கே வெட்டினோம்? மறுதலையான வாசிப்பை இவ்வெண்கள் தாங்குமா? வாய்மொழித் தேர்வில் எவரேனும் இவற்றைக் கேட்டால் அட்டவணையின் பாதி உதிர்ந்துவிடும். எஞ்சும் பாதிதான் ஆய்வு.

மூன்று பகுதிகளைக் கொண்டு முழு நாவலைப் பேசலாமா என்னும் ஐயம் ஹாலிடேயின் கட்டுரைமீதும் எழுந்ததுதான். டேவிட் ஹூவர் 1999இல் ‘தி இன்ஹெரிட்டர்ஸ்’ நாவலின் மொழிக்கெனவே தனிநூல் எழுதினார். மூன்று பகுதிகளைத் தாண்டி நாவல் முழுவதையும் கணக்கில் கொண்டார். ஒரு கட்டுரையின் எண்களைச் சரிபார்க்க முப்பதாண்டுகளுக்குப் பின் ஒருவர் முழுநூலோடு வந்து நிற்க முடிந்தது; ஏனெனில் ஹாலிடே தம் வினைக்கூறுகளைப் பிறர் மீண்டும் எண்ணத்தக்க வகையில் வைத்துவிட்டுச் சென்றிருந்தார்.